படகடியில் வெள்ளைக் குழாய்கள்: தண்ணீரில் வைத்துச் சுரண்டாதீர்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில், உப்பனாற்றில் எங்கள் ஃபைபர் விசைப்படகைக் கட்டியிருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பார்த்தால் அடிப்பகுதி முழுக்க சேமியா போல நெளிந்த வெள்ளைக் குழாய்கள். எஞ்சினும் சீக்கிரம் சூடாகிறது. இது கொட்டலசா? ஃபைபரைத் துளைக்குமா? ஆசிட் ஊற்றலாமா?

பதில்: கொட்டலசு கூம்பு கூம்பாக, உச்சியில் வாயோடு இருக்கும். நெளிந்த குழாய் என்றால் அது குழாய்ப்புழு. வெப்பக் கடல் துறைமுகங்களில் இப்படி அப்பிக்கொள்வது பெரும்பாலும் ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ் என்ற இனம். குழாயின் தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உயிரோடு இருக்கும்போது லென்ஸில் பார்த்தால், வாயை அடைக்கும் மூடி இரண்டு அடுக்காக, மேலடுக்கு முள் கிரீடம் போட்டது போலத் தெரியும்.

துளைக்காது. சுண்ணாம்புக் குழாயைக் கட்டி மேலேயே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மரப்படகைத் துளைக்கிற கப்பல்புழு சிப்பி இனம், அது வேறு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் படகு அசையாமல் நிற்கிறது. கோடையில் ஆற்றில் வெள்ளம் இல்லை. முகத்துவாரத்து நீர் வெதுவெதுப்பாகவும் உப்பாகவும் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் இதன் குஞ்சு ஏறக்குறைய ஐந்து நாள் நீந்திவிட்டு ஒட்ட இடம் தேடும். தேடுவது வெறும் பரப்பை அல்ல, பாக்டீரியா படிந்த வழவழப்பை. ஒட்டிய சில மணி நேரத்தில் குழாய் கட்டத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் தானே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். 61 நாளில் இரண்டு தலைமுறை! 1883இல் சிட்னி துறைமுகத்திலிருந்து விவரிக்கப்பட்ட இனம் இது. சில நாள் மட்டும் நீந்துகிற குஞ்சு சமுத்திரம் தாண்டாது. கப்பல்களின் அடியில் ஒட்டித்தான் உலகம் சுற்றியது.

அதனால்தான் தண்ணீரில் வைத்துச் சுரண்டக் கூடாது என்கிறோம். குழாய் உடைந்த புழு, முதிர்ந்ததாக இருந்தால், முட்டையையும் விந்தையும் உடனே வெளியே விட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் குஞ்சு எடுப்பதே இப்படி உடைத்துத்தான். நீங்கள் சுத்தம் செய்வதாக நினைக்கும் நேரத்தில், பக்கத்துப் படகுக்கெல்லாம் விதைத்துவிடுகிறீர்கள்.

படகைக் கரையேற்றி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். புழு செத்துவிடும், குழாய் மட்டும் நிற்கும். மரம் அல்லது பிளாஸ்டிக் தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளுங்கள். இரும்பு உளி ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டைக் கீறிவிடும், கீறலில் வழவழப்பு சீக்கிரம் படியும். மிஞ்சும் வெள்ளைத் தழும்பின் மேல், லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டுவிட்டுத் தேயுங்கள். சுரண்டிய குப்பையை ஆற்றில் தள்ளாதீர்கள்.

எஞ்சின் சூடாவது, கடல்நீர் இழுக்கும் குழாய்க்குள்ளும் வடிகட்டியிலும் புழு குடியேறியதால் இருக்கலாம். கடல்நீர் வரும் வால்வை மூடி, பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி, 10 லிட்டர் நன்னீரில் அரை கிலோ சிட்ரிக் அமிலம் கரைத்து, தனி பம்பால் ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள். நுரை நின்ற பிறகும் அடைப்பு இருந்தால் கரைசல் தீர்ந்துவிட்டது. புதிதாகக் கரைத்து ஊற்றுங்கள். சூடாக்க வேண்டாம்: சுண்ணாம்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்த உப்பு வெந்நீரில் குறைவாகத்தான் கரையும், உள்ளேயே படிந்துவிடும். முடிந்ததும் நன்னீர் நிறைய விட்டுக் கழுவுங்கள். அலுமினியம், துத்தநாகம் பூசிய பாகங்களில் இதையும் தேங்கவிடாதீர்கள். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது உலோகத்தை அரிக்கும், பிளீச்சிங்கோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பெயிண்டுக்கு முன் அடிப்பகுதியை ஈரத்தோடு தேயுங்கள். பழைய பூச்சின் செம்புத் தூள் மூச்சில் போகக் கூடாது, முகமூடி அவசியம். பிரைமருக்கு மேல், உயிரிகள் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயிண்ட் இரண்டு கை, நீர்க்கோட்டிலும் சுக்கான் விளிம்பிலும் கூடுதலாக ஒரு கை. ஓட ஓடத் தேய்ந்து புதுப்பரப்பு காட்டும் வகை, நிற்கிற படகில் முழுப் பலன் தராது. வாங்கும்போதே தடைக்காலத்தைச் சொல்லிக் கேளுங்கள். உலோகம் அரிக்காமல் காக்கப் படகடியில் பொருத்திய துத்தநாகக் கட்டிகளின் மேல் பெயிண்ட் படக் கூடாது. அலுமினியப் பாகங்களில் செம்புப் பெயிண்ட் அடித்தால் அவை அரித்துப்போகும்.

அடுத்த தடைக்காலத்தில் கடைசிப் பயணம் முடிந்ததும் வால்வை மூடி, குளிர்விப்புக் குழாயை நன்னீரால் கழுவி, நன்னீரே நிரப்பி வையுங்கள். படகு தண்ணீரிலேயே நிற்குமானால் பத்து நாளுக்கு ஒருமுறை வழவழப்பை மென்மையான துணியால் துடைத்தால் போதும். குழாய் கண்ணில் பட்ட பிறகு துடைப்பது பயன்படாது. படகைப் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுக்கோ வேறு துறைமுகத்துக்கோ கொண்டுபோவதானால், முதுநகரிலேயே கரையேற்றிச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.