ரயில் போன வழியில் சைக்கிள்: ஒட்டாகோ கேள்வி பதில்

நியூசிலாந்தின் தென்தீவில் கிளைடு என்ற ஊரில் தொடங்கி மிடில்மார்ச் வரை 152 கி.மீ. ஓடும் ஒட்டாகோ சென்ட்ரல் ரெயில் டிரெயில் என்ற சைக்கிள் பாதையின் படங்களைப் போன மாதம் பகிர்ந்தேன். அதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. நான் அதில் மூன்று முறை போயிருக்கிறேன். நான்கு நாளில் ஒரு முறை, அவசரப்பட்டு இரண்டே நாளில் ஒரு முறை, குடும்பத்தோடு ஒரு பகுதி மட்டும் ஒரு முறை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டதைச் சேர்த்துவிட்டேன்.

உண்மையிலேயே ஒரு வண்டிகூட வராதா? சென்னையில் ஓட்டுகிறவனுக்கு நம்ப முடியவில்லை.

வராது. அது ரயிலுக்காகப் போட்ட வழி. 1879-இல் டுனெடின் என்ற கடலோர நகரத்தின் பக்கமிருந்து வேலையைத் தொடங்கி, ஒவ்வோர் ஊராகத் தொட்டுக் கிளைடுக்கு வந்து சேர 1907 ஆகிவிட்டது. கிளைடில் பெரிய அணை கட்டியபோது அதற்கான கனமான சாமான்களும் இந்த ரயிலில்தான் வந்தன. அந்த வேலை குறைந்ததும் சரக்கு இல்லை, 1990-இல் மிடில்மார்ச்சுக்கு மேலே மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சிய நிலத்தை 1993-இல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை வாங்கியது. பெரிய ஜல்லிமேல் பொடிச் சரளை பரப்பி, பாலங்களுக்குப் பலகையும் கைப்பிடியும் போட்டு, 2000-இல் முழுப் பாதையையும் திறந்தார்கள்.

ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துப் போகவேண்டும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள் என்பதால் நம் கழுத்து தானாகவே சரியான பக்கம் திரும்பும். மற்றபடி வழியில் குறுக்கே வருவது ஆடுதான்.

அண்ணா, எனக்கு முழங்கால் பிரச்சினை உண்டு. மலைநாடு என்கிறீர்களே, ஏற்றம் எப்படி?

இந்தப் பாதைக்கு நான் வக்காலத்து வாங்குவதே இதனால்தான் தம்பி. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் மலையை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சுற்றி வளைத்து, எங்கும் 50 அடிக்கு ஓர் அடிக்குமேல் ஏறாதபடி வழி போட்டார்கள். ஊட்டி ரயிலில் 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடம் உண்டு. அங்கே பல்சக்கரம் வேண்டும், இங்கே தேவைப்படவில்லை. உங்கள் முழங்காலுக்கு வேண்டிய சிகிச்சையை நூறு வருஷத்துக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதையின் உச்சி 618 மீட்டர், ஒட்டுரெஹுவா, வெடர்பர்ன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில். கிளைடிலிருந்து எழுபது கி.மீ.க்குமேல் ஓட்டித்தான் அங்கே வருகிறோம். ஏறுகிறோம் என்பதே பல இடங்களில் தெரியாது, என்னடா இன்று கால் கனக்கிறதே என்றுதான் தோன்றும். சாட்டோ கிரீக் என்ற ஊரைத் தாண்டி வரும் டைகர் ஹில் ஏற்றத்தில் மட்டும் வெளிப்படையாகத் தெரியும். சின்னக் கியர் போட்டு ஒரே சீராக மிதித்தால் போதும்.

நிஜமான ஏற்றம் காற்றுதான். மரம் குறைந்த வெட்டவெளி, ஒதுங்க இடமிருக்காது. வடமேற்குக் காற்று வெதுவெதுப்பாக, பலமாக அடிக்கும். ஹைடு என்ற ஊருக்கு அப்புறம் பாதை தெற்கே திரும்பிவிடும். அந்தக் கடைசி 27 கி.மீ.யில் தெற்குக் காற்று பிடித்தால் போச்சு. நம் ஊரில் தெற்கிலிருந்து வருவது தென்றல், அங்கே தெற்கிலிருந்து வருவது அண்டார்டிகா. வாடையும் தென்றலும் இடம் மாறிய தேசம் அது. இரண்டே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்பிய முறை அந்த 27 கி.மீ.க்கு எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. சமதளத்தில்தான் சொல்கிறேன்.

சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளே வேண்டுமா? என்னிடம் இருப்பது சாதாரண ஹைபிரிட்.

ஹைபிரிட் போதும், டயர் மட்டும் 40 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் பாருங்கள். தரை எப்படி என்றால், ஓட்டி ஓட்டி இரண்டு கோடாக இறுகியிருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிச் சரளை. கோடு மாறும்போது முன்சக்கரம் லேசாக வழுக்கும். அப்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பவர்தான் விழுவார். கையைத் தளரவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் சைக்கிள் தானே நிமிர்ந்துகொள்ளும். காற்றையும் கல்போல அடிக்காதீர்கள், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும்.

இரண்டு டியூப் எடுத்துப் போங்கள். அந்தப் பக்கமெல்லாம் காட்டு ரோஜாப் புதர், அதன் முள் வளைந்து குட்டியாக இருக்கும். பஞ்சர் ஒட்டிய கையோடு டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரே முள்ளுக்கு இரண்டு டியூப் கொடுத்தேன்.

வாடகைக்கும் சைக்கிள் கிடைக்கும். எனக்கு ஒரு முறை சீட் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்த சைக்கிள் வாய்த்தது. கடையைவிட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். இங்கிருந்து சொந்தச் சைக்கிள் கொண்டுபோனால் மண் துளிகூட ஒட்டாமல் கழுவிவிட்டு, அந்நாட்டுக்குள் நுழைய நிரப்பும் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஷூவுக்கும் இதே விதி. அந்த விஷயத்தில் அவர்கள் விளையாடுவதில்லை.

சுரங்கத்துக்குள் ஓட்டலாமா? விளக்கு உண்டா?

விளக்கு கிடையாது, டார்ச் நம் பொறுப்பு. லாடர் என்ற ஊருக்கும் ஒட்டுரெஹுவாவுக்கும் நடுவில் பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரண்டு சுரங்கங்கள் வரும். வெயிலில் ஓட்டி வந்த நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே உள்ளே நுழைந்தேன். பத்து மிதி மிதித்ததும் ஒன்றும் தெரியவில்லை, பின்னால் வந்தவர்கள் மணியடிக்கிறார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதுதான் நல்லது. உள்ளே சில்லென்று இருக்கும். டார்ச்சைச் சுவரில் அடித்தால் பாறையைக் குடைந்த தழும்பு தெரியும்.

பக்கத்திலேயே 37 மீட்டர் உயரத்தில் கல்தூண்கள் தாங்கும் பாலம். பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்க்காதீர்கள் என்று சொன்னாலும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

எத்தனை நாள்? சைவ சாப்பாடு கிடைக்குமா? (ஆக்லாந்திலிருந்து ஓர் அக்கா)

நான்கு நாள் வையுங்கள் அக்கா. ஊர்கள் பத்து, இருபது கி.மீ. இடைவெளியில் வரும், மூட்டையை அடுத்த விடுதிக்கு வேனில் அனுப்பிவிடலாம். சைவம் என்றால் சீஸ் ரோல், சிப்ஸ், டோஸ்ட், முட்டை சாப்பிட்டால் ஆம்லெட். மூன்றாம் நாள் நாக்கு செத்துவிடும். நாங்கள் முதல் நாளுக்குப் புளிசாதமும் மற்ற நாட்களுக்கு ஒரு பாட்டில் ஊறுகாயும் கொண்டுபோனோம். லாடருக்கும் ஒட்டுரெஹுவாவுக்கும் இடையிலும், வைபியாட்டாவிலிருந்து ஹைடுக்குப் போகும்போதும் இருபது கி.மீ.க்குமேல் கடையே கிடையாது, தண்ணீர் நிறைய வேண்டும்.

ஒட்டுரெஹுவாவில் ஹேய்ஸ் பட்டறையைத் தவறவிடாதீர்கள். கம்பி வேலியை இழுத்துக் கட்டும் கருவி செய்து பேர் வாங்கிய குடும்பம். எர்னஸ்ட் ஹேய்ஸ் பட்டறையில் சாமான் செய்ய, அவர் மனைவி ஹன்னா கரடுமுரடான வழியில் சைக்கிள் மிதித்துப் பண்ணை பண்ணையாகப் போய் விற்றிருக்கிறார். நீளப் பாவாடையும் ஒற்றைக் கியரும். அதைக் கேட்டபின் என் மனைவி மின்சார சைக்கிள் வேண்டுமென்று சொல்லவே இல்லை. (வேண்டுமென்றால் அதற்கும் அனுமதி உண்டு.)

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜனவரியில் வெயில் கொளுத்தும். குளிர்காலத்தில் வேண்டாம். பாதைக்குப் பக்கத்திலுள்ள ஓஃபிரில் 1995 ஜூலையில் மைனஸ் 21.6 டிகிரி பதிவாகியிருக்கிறது.

ஹெல்மெட்?

சட்டப்படி கட்டாயம்.

ஒரு படத்தில் கல் குவித்துக் கட்டிய நினைவுச்சின்னம் இருந்ததே, அது என்ன?

ஹைடு ரயில் விபத்து. 1943 ஜூன் 4 அன்று கிளைடுக்கும் அப்பாலுள்ள குரோம்வெலிலிருந்து டுனெடின் போன ரயில், வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்து தடம்புரண்டது, 21 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார் என்று நிரூபணமாகி அவருக்குச் சிறை. அந்த வளைவில் நாம் மணிக்குப் பதினைந்து கி.மீ.யில் போகும்போது, இங்கேயா கவிழ்ந்தது என்றுதான் இருக்கும்.

எட்டு வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. முழுசும் வேண்டாம். வேனில் ஒட்டுரெஹுவாவில் இறங்கி லாடர் வரை ஓட்டுங்கள், 22 கி.மீ., பெரும்பாலும் இறக்கம். பாலமும் இரண்டு சுரங்கமும் அதற்குள் வந்துவிடும். முதலிலேயே பாதைக்கான பாஸ்போர்ட் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வழியில் ஆங்காங்கே பெட்டியில் ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பார்கள், தானே அடித்துக்கொள்ளலாம். என் மகள் ஒரு ஸ்டாம்பை விட்டுவிட்டோம் என்று அழுது, இரண்டு கி.மீ. திரும்பிப் போகவைத்தாள். எதிர்க்காற்றில்.