வெல்வெட் என்பது நூலின் பெயர் அல்ல

கேள்வி: சோபாவில் காபி கொட்டிவிட்டது. தேய்க்கத் தேய்க்கக் கறை பரவுகிறதே?

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள். வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சாயத் துணி என்றால் அதன் நிறமும் சோபாவில் இறங்கும்.

கேள்வி: சோபாவுக்கு அடியில் ஒட்டிய சீட்டில் 'எஸ்' என்று போட்டிருக்கிறது. அளவா?

பதில்: இல்லை, சுத்தம் செய்யும் முறை. 'எஸ்' என்றால் தண்ணீர் ஆகாது, சால்வென்ட் (தண்ணீர் கலக்காத, கறையைக் கரைக்கும் திரவம்) மட்டும்தான். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் சேர்ந்த ஷாம்பு போடலாம். இரண்டு எழுத்தும் இருந்தால் எதுவும் சரி. 'எக்ஸ்' என்றால் வாக்குவம் கிளீனரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சால்வென்ட் பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சோபாவில் நேரே ஊற்றாமல், துடைக்கும் துணியில் லேசாக நனைத்து எடுங்கள். உள்ளே இறங்கினால் நுரை மெத்தை கெட்டுப்போகும்.

கேள்வி: "வெல்வெட்தான், நீராவியில் சுத்தம் செய்யலாம்" என்றார் விற்றவர். செய்தேன். மேலே நிற்கும் மயிரிழை படுத்துவிட்டது, வட்டமாகத் தடமும் விழுந்துவிட்டது. இப்போது என் தவறு என்கிறார்.

பதில்: உங்கள் தவறு இல்லை. அவர் சொன்னதைத்தான் செய்தீர்கள். வெல்வெட் என்பது நெசவின் பெயர். பாலியஸ்டரிலும் வரும், பருத்தியிலும் பட்டிலும், மரக்கூழில் செய்யும் விஸ்கோஸிலும் வரும். பாலியஸ்டர் ஓரளவு ஈரம் தாங்கும். விஸ்கோஸோ நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். அந்த நேரத்தில் அழுத்தினால் இழை படுத்துவிடும், பெரும்பாலும் பழையபடி எழாது. நான்கையும் ஒரே பெயரில் விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். நானும் அப்படி ஒரு நாற்காலி வாங்கினேன். "எதைப் போட்டும் துடைக்கலாம்" என்றார்கள். முதல் ஈரத் துணியிலேயே வட்டத் தடம் விழுந்தது, இன்றும் போகவில்லை. அதிலிருந்து, எந்த நூல், எந்த எழுத்து என்று பில்லில் எழுதித் தராத கடையில் வாங்குவதில்லை. உங்களிடம் பில்லும் அவர் அனுப்பிய குறுஞ்செய்தியும் இருந்தால் படங்களோடு சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அதுவரை மறுபடி ஈரம் படவிடாதீர்கள்.

கேள்வி: மெத்தை உறையில் ஜிப் இருந்தது. கழற்றி வாஷிங் மெஷினில் போட்டேன், சுருங்கிவிட்டது. சீட்டைப் பார்க்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பல சோபாக்களில் ஜிப் இருப்பது மெத்தையை உள்ளே நுழைக்கத்தான், துவைக்க அல்ல. சீட்டைப் படிக்க அரை நிமிடம் போதும், அதைக்கூடச் செய்யாமல் என்னிடம் கேட்டால் எப்படி?

கேள்வி: பட்டு உறையில் மஞ்சள் கறை. பிளீச் போடலாமா?

பதில்: கூடாது. பட்டு ஒரு புரதம், குளோரின் பிளீச் அதை அரித்துவிடும்.

கேள்வி: சோபாவில் சீட்டே இல்லை. எதை வைத்துத் துடைப்பது?

பதில்: பின்பக்கம் அடியில், கண்ணில் படாத இடத்தில், துடைக்க நினைக்கும் திரவத்தை ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒற்றுங்கள், சாயம் வருகிறதா என்று தெரியும். முழுதாகக் காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள், தடம் ஈரத்தில் தெரியாது. துளி சந்தேகம் இருந்தாலும் வாக்குவத்தோடு விட்டுவிடுங்கள்.