பட்டை தின்னும் புழு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: கொய்யா மரத்தின் கவையில் மரத்தூள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. கரையானா?

ப: கரையான் மண்ணால் மூடும். இது மென்று துப்பிய பட்டைத்தூளையும் எச்சத்தையும் நூலால் கோத்த வலை. இரவில் புழு இந்த மறைப்புக்குள் வந்து பட்டையைச் சுரண்டித் தின்னும். பகலில் துளைக்குள் பதுங்கிவிடும்.

கே: மூன்று முறை மருந்தடித்தும் புழு சாகவில்லை. வீரியமான மருந்தாகச் சொல்லுங்கள்.

ப: எந்த மருந்து, எங்கே அடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இலையெல்லாம் நனைய அடித்திருப்பீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். புழு இருப்பது கட்டைக்குள், அரை அடிக்கு மேல் உள்ளே. வெளியே தெளிக்கும் மருந்து வலையிலேயே நின்றுவிடும். நஷ்டம் உங்களுக்கும் தேனீக்கும்தான். கை வேலைக்குச் சோம்பிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுவதை எத்தனை முறை கண்டிப்பது? முதலில் பழைய சாக்கால் வலையை அழுத்தித் துடையுங்கள், துளை தெரியும். சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள்; நுனி ஈரமாக வந்தால் புழு சிக்கியது. துளை வளைந்து கம்பி எட்டாவிட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, ஈரக் களிமண்ணால் அடையுங்கள். ஊற்றக் கூடாது, பஞ்சு போதும். பீடியைத் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் துடைத்த இடத்தைப் பாருங்கள். புதுத்தூள் இருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது, திரும்பவும் குத்துங்கள்.

கே: ஒரு துளையில் எத்தனை புழு இருக்கும்?

ப: பெரும்பாலும் ஒன்று.

கே: மரத்தில் புழு. உடனே மருந்து சொல்லவும்.

ப: என்ன மரம்?

கே: முந்திரியின் அடித்தண்டில் பிசின் வடிகிறது, தூளும் கொட்டுகிறது. இதே வைத்தியமா?

ப: இல்லை. பட்டை தின்னும் புழு அந்துப்பூச்சியின் புழு; முந்திரியில் இருப்பது வண்டின் புழு, வேர்வரை குடையும். நூல் வலை இல்லாத மரத்துக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. மண்ணை விலக்கி வேர்ப்பகுதியைப் பாருங்கள், தாமதிக்க வேண்டாம்.

கே: எந்த மாதம் பார்க்க வேண்டும்?

ப: பட்டை தின்னும் புழுவுக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். கோடையை ஒட்டி அந்துப்பூச்சி வெளிவந்து பட்டை வெடிப்பில் முட்டையிடும். புரட்டாசி, ஐப்பசியில் ஒருமுறை, தை, மாசியில் ஒருமுறை எல்லா மரத்தையும் சுற்றிப் பாருங்கள். முதலில் வலையைத் துடையுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம்.

கே: பழைய மாந்தோப்பு, கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. கவாத்து அவசியமா?

ப: அவசியம். கவனிப்பாரற்ற அடர்ந்த தோப்புதான் இதற்குப் பிடித்த இடம். காய்ந்த கிளையை வெட்டித் தோப்பிலேயே போடாதீர்கள்.