மச்சானுக்குக் கார், தம்பிக்கு ஆட்டோக் கூலி

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 2009இல் முதுகில் செல்துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மாதம் 10,000 ரூபா கொடுப்பனவு வருகிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்வர ஆட்டோவுக்கு மட்டும் 4,000 போகிறது. லண்டன் ஹரோவில் இருக்கும் எங்கள் மாமாவின் மகனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அவருக்கு அரசாங்கம் புதுக் கார் கொடுத்திருக்கிறதாம். அவரின் மனைவிக்கு நல்ல உத்தியோகம், சொந்த வீடும் இருக்கிறது. 'எங்கள் வரிக்காசில் ஓசிக் கார்' என்று அங்கேயே சனம் கதைக்கிறதாம். இது நியாயமா?
– வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, உங்கள் மச்சானுக்குக் காரை வாடகைக்குத்தான் விட்டிருக்கிறார்கள். வாடகை அவருடைய கொடுப்பனவிலிருந்து போகிறது.

பிரித்தானியாவில் 'பிப்' என்று ஒரு கொடுப்பனவு 2013இலிருந்து இருக்கிறது. அதில் இரண்டு பங்கு. ஒன்று சமையல், குளிப்பு, உடுப்பு மாற்றுவது போன்ற அன்றாடத் தேவைக்கு. மற்றது நடமாட்டத்துக்கு. நடமாட்டப் பங்கின் கூடிய தொகை, 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி, வாரம் 77 பவுண் 5 பென்ஸ். அதைக் கையில் வாங்கி ரக்சிக்குச் செலவழிக்கலாம், வங்கியில் போடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தை மோட்டபிலிட்டி என்ற திட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்போது வழக்கமாக மூன்று வருஷத்துக்கு ஒரு கார் கிடைக்கும். காப்புறுதி, சேர்விஸ், ரயர் எல்லாம் அதற்குள் அடக்கம். கார் வேண்டாம் என்றால் பற்றரியில் ஓடும் சக்கர நாற்காலி எடுக்கலாம். தவணை முடிய வாகனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விலை கூடின கார் பிடித்திருந்தால் முற்பணம் சொந்தப் பையிலிருந்து போகும், அது திரும்பி வராது.

சரி, வரிக்காசே இல்லையா? இருக்கிறது. கொடுப்பனவே வரிக்காசுதான். அதற்கு மேல் அந்த வாடகைக்கு வற் வரி விலக்கும் உண்டு. சனம் கொதித்தது பெரும்பாலும் யார் வீட்டு வாசலிலாவது ஒரு பி.எம்.டபிள்யூ. நின்றதைப் பார்த்துத்தான். 2025 நவம்பரில் பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் போன்ற சொகுசு மார்க்குகளை மோட்டபிலிட்டி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. முற்பணத்துக்கு 2026 ஜூலையிலிருந்து வற் அறவிடுவதாக அதே மாத வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். சக்கர நாற்காலியோடு ஏறும்படி மாற்றிய வாகனங்களுக்கு விலக்கு உண்டு. என்னைக் கேட்டால் அது போதும். பென்ஸ் கார் இல்லாமல் கிளினிக்குக்குப் போகலாம்.

மனைவி உழைக்கிறாரே என்பதுதான் உங்களுக்கு உறுத்துகிறது போலும். பிப் வருமானம் பார்ப்பதில்லை. எனக்கு அதில் குறை தெரியவில்லை. கால் ஏலாதவனுக்கு வருகிற மேலதிகச் செலவு, சம்பளக்காரனுக்கும் வரும், கூலிக்காரனுக்கும் வரும். வருமானம் பார்த்து வெட்டத் தொடங்கினால், மனைவி வேலையை விட்டால்தான் புருஷனுக்கு வாகனம் என்று ஆகிவிடும். இங்கே மூத்த பிள்ளை புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததை கிராம சேவையாளரிடம் சொல்லவே பயப்படுகிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

அங்கே நியாயமில்லாத இடம் வேறு. ஓய்வூதிய வயது தாண்டிய பிறகு ஒருவருக்கு நடக்க ஏலாமல் போனால் அவர் பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. வேறொரு கொடுப்பனவு உண்டு, அதில் நடமாட்டப் பங்கே கிடையாது. 60 வயதில் பாரிசவாதம் வந்தவருக்குக் கார் கிடைக்கலாம், 70இல் வந்தவருக்கு இல்லை. ஹரோவில் சண்டை பிடிக்க வேண்டும் என்றால் இதற்குப் பிடிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்தது வெளிர்நீல நிற மூன்று சில்லு வண்டி. ஒரே ஒரு சீற். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடவும் முடியாது. காற்றடித்தால் ஆடும். மோட்டபிலிட்டி 1977இல் தொடங்கியது. பழைய வண்டிகளை 2003இல் வீதியில் ஓடவே விடாமல் தடுத்துவிட்டார்கள். நானும் ஸ்கூட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சில்லுப் பூட்டி ஓடுகிறவன்தான். ஆனால் என் மனைவிக்குப் பின்னால் இடம் இருக்கிறது. மழைக்கு இரண்டு பேரும் நனைவோம், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் தம்பிக்கு வருவோம். மச்சானின் காரைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படுவதென்றால், கணக்கைப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அதற்குப் பொறாமைப்படலாம். இங்கே எல்லாம் ஒரே 10,000. கதீற்றர், பம்பர்ஸ், மருந்து கட்டுகிற துணி, சோறு, அதற்குள்ளேயே ஆட்டோ. கிளினிக் நாள் வந்தால் சாப்பாட்டுக் காசுதான் ஆட்டோவில் ஏறும். அதனால் 'அடுத்த மாதம் பார்ப்பம்' என்று விடுகிறார்கள். படுக்கைப் புண் அடுத்த மாதம் வரை காத்திருக்காது. எலும்பு தெரிகிற அளவுக்குப் போன பிறகு அம்புலன்ஸில் ஏற்றி, மாதக்கணக்கில் வாட்டில் வைத்து வைத்தியம் பார்க்கிற செலவும் அரசாங்கத்தின் செலவுதான். விசுவமடுக்காரருக்கும் கிளிநொச்சி டிப்போச் சந்தியில் இருப்பவருக்கும் ஆஸ்பத்திரித் தூரம் ஒன்றல்ல. அந்தத் தூரத்துக்கு ஏற்ற போக்குவரத்துக் காசைத் தனியாகத் தரவேண்டும் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உடனே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. எழுதின கடிதம் கோவைக்குள் கிடக்கும், வாயால் கேட்டது கிடக்காது.

கேள்வி: நன்றாக நடந்து திரிகிறவர்களுக்கும் மனவருத்தம் என்று லண்டனில் கார் கொடுக்கிறார்களாம். இது சுத்து வேலைதானே?
– வாசகர், மல்லாவி

பதில்: வன்னியிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா, தம்பி? தலைக்குள் செல்துண்டோடு நடமாடுகிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒரு கீறலும் தெரியாது. வலிப்பு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது, தனியே பஸ் ஏற்றி அனுப்ப முடியுமா? பிப்பில் நடையை மட்டும் பார்ப்பதில்லை. வழி அறிந்து, தனியே ஒரு இடத்துக்குப் போய்வர முடிகிறதா என்றும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். கூடிய தொகைக்கு 12 புள்ளி வேண்டும். சுத்துகிறவன் எந்த நாட்டிலும் சுத்துவான். அவனைப் பிடிக்கட்டும்.

கேள்வி: எங்கள் அரசாங்கமும் ஊனமுற்றோருக்கு வாகனம் கொடுத்தால் என்ன?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதியே நின்றிருந்த நாடு இது. வரியில்லா வாகன பெர்மிட் மட்டும் நன்றாக நடக்கக்கூடிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வருஷக்கணக்காகக் கிடைத்தது. நான் கார் கேட்கமாட்டேன். பஸ்ஸைக் கேட்பேன். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது, பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. புதுக் கட்டடங்களில் இப்போது சாய்தளம் கட்டுகிறார்கள், நல்லது. பஸ்ஸின் மிதிபலகை முழங்கால் உயரத்தில் இருக்கும்போது அந்தச் சாய்தளம் வரை பறந்தா போவது?

கேள்வி: லண்டனில் இருந்திருந்தால் நீங்கள் கார் எடுத்திருப்பீர்களா?
– வாசகி, மாங்குளம்

பதில்: எடுத்திருப்பேன், தந்தால். ஆனால் அங்கே நடையை வைத்துக் கூடிய தொகை தருவது 20 மீற்றருக்கு மேல் நடக்க ஏலாதவருக்கு. முன்பு 50 மீற்றர் என்று இருந்ததை இறுக்கிவிட்டார்கள். நானோ ஜெய்ப்பூர்க் கால் என்கிற செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு சந்தை முழுவதும் சுற்றி, கத்தரிக்காய்க்கு விலை பேசிவிட்டு வருகிறவன். எனக்கு ஒரு பென்ஸும் தரமாட்டார்கள்.