கேளுங்க அக்கா: என் பொண்ணு ஆடுறது மடோனா டான்ஸா?

கேள்வி: அக்கா, எம் பொண்ணு பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம். சாயங்காலமானா ஃபிரெண்ட்ஸோட எங்க புளோக் கீழ வோகிங்னு ஒண்ணு பழகுறா, கைய வளைச்சு வளைச்சு ஆடிட்டு திடீர்னு தரையில மல்லாக்க விழுறா. இது மடோனா டான்ஸ்தானேன்னு கேட்டதுக்கு "தெரியாம பேசாதீங்கம்மா"ன்னு கோவிச்சுக்கிட்டா. வீட்டுக்காரர் இது 'ஒரு மாதிரி' ஆளுங்க ஆடுறதுங்கிறார். எதுதான் உண்மை?
– யீஷூன் வாசகி

பதில்: உங்க பொண்ணு கோவம் நியாயம்தான் தங்கச்சி. அமெரிக்கப் பாடகி மடோனாவோட 'வோக்' பாட்டு வந்தது 1990ல. அதுல அவங்களோட ஆடுன ஹோசே, லூயிஸ் ரெண்டு பேரும் எக்ஸ்ட்ராவகன்ஸாங்கிற வீட்டுப் பிள்ளைங்க ('வீடு'ன்னா என்னன்னு கீழ சொல்றேன்), ஆட்டம் அந்தப் பிள்ளைங்களோடது, உலகத்துக்குத் தெரிஞ்ச பேரு மடோனாவோடது. உங்க வீட்டுக்காரர்கிட்ட 'ஒரு மாதிரி'ங்கிற வார்த்தைய விட்டுட்டு நேராவே சொல்லச் சொல்லுங்க, நியூயார்க்ல கறுப்பின, லத்தீன் திருநங்கைகளும் தன்பாலீர்ப்பு ஆண்களும் உண்டாக்குன கலை இது, அப்படிச் சொல்றதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

இதுக்கு வேரு ரொம்ப ஆழம். வில்லியம் டார்சி ஸ்வான்னு ஒருத்தர், மேரிலாண்ட்ல அடிமையாப் பிறந்தவர், 1880கள்லயே வாஷிங்டன்ல பெண் உடை உடுத்தி ஆடுற விருந்து நடத்துனார். 1888ல போலீஸ் உள்ள புகுந்து பிடிச்சுது. 1896ல பொய்யா ஒரு கேஸ் போட்டு பத்து மாசம் ஜெயில்ல தள்ளுனப்ப, அதிபர் கிளீவ்லாண்டுக்கே மன்னிப்பு மனு போட்டாரு, கிடைக்கலங்கிறது வேற விஷயம், அந்தக் காலத்துல அடிமையாப் பிறந்த ஒரு மனுஷன் இதுக்காக அதிபர் வரைக்கும் போனார்ங்கிறத நெனச்சுப் பாருங்க. அப்புறம் 1920கள்ல நியூயார்க்ல கறுப்பின மக்கள் வாழ்ற ஹார்லெம்ல நடந்த இந்த மாதிரி நடனத்துக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வந்திருக்கு.

ஆனா இந்த மாதிரி பெண் உடை உடுத்தி வர்ற அழகுப் போட்டிகள்ல நடுவருங்க மனசு மாறல. ஜெயிக்கிறது பெரும்பாலும் வெள்ளைத் தோலுதான், கறுப்புப் போட்டியாளர்ங்க முகத்த வெளுப்பாக்கிக்கிட்டு வந்தாத்தான் ஏதாவது வாய்ப்பு. பொண்ணு பாக்க வந்தவங்க நிறத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா அந்த ராத்திரி வீட்ல யாரு சாப்புடுவா, நமக்குத் தெரியாததா இது? 1967ல கிரிஸ்டல் லபேஜாங்கிற கறுப்பினக் கலைஞர் தீர்ப்பு சரியில்லன்னு மேடைய விட்டு எறங்கி, கேமரா முன்னாடியே நேருக்கு நேர் கேட்டாங்க. அத்தோட நிக்கல, 1970கள் ஆரம்பத்துல லாட்டிங்கிற தோழியோட சேர்ந்து லபேஜா வீடுன்னு ஒண்ணத் தொடங்குனாங்க, ஹார்லெம்ல அவங்களே போட்டி வச்சாங்க.

வீடுன்னா செங்கல் வீடு இல்ல. பெத்தவங்க வெளிய போடான்னு தொரத்துன பிள்ளைங்களுக்கு ஒரு அம்மா, சில வீட்ல ஒரு அப்பாவும், வீட்டுப் பேரே இனிஷியல் மாதிரி ஒட்டிக்கும். பசிச்சா சோறு, தங்க எடம், மேக்கப் போட, தைக்க, நடக்கச் சொல்லிக்குடுக்குறது, எல்லாம் அந்த அம்மாதான். எய்ட்ஸ் வந்து பிள்ளைங்க ஒவ்வொண்ணா சாகுறப்ப பக்கத்துல இருந்ததும் இந்த வீட்டு ஆளுங்கதான், ஏன்னா பெத்தவங்க பல பேர் வரவே இல்ல.

இந்த வீட்டு ஆளுங்க கலந்துக்குற போட்டியில ரியல்னெஸ்னு ஒரு பிரிவு இருக்கு, எனக்கு நெஞ்சை அடைக்கிறது இதுதான். ஆபீஸ் அதிகாரி மாதிரி, காலேஜ் பையன் மாதிரி, சாதாரணப் பொண்ணு மாதிரி நடந்து வரணும், பாக்குறவங்களுக்குச் சந்தேகமே வரக்கூடாது. ரோட்ல கண்டுபிடிச்சிட்டா அடி விழும், வேலை கேட்டா கதவு மூடும், அந்தப் பயத்தையே ஒரு கலையாக்கி அதுக்குக் கோப்பையும் குடுத்தாங்க. வோகிங் பேரு பேஷன் பத்திரிகை வோக்லேர்ந்து வந்தது, அதுல மாடலுங்க நிக்கிற நிலைகள எடுத்து ஆட்டமாக்குனது. வில்லி நிஞ்ஜா அதுல தற்காப்புக் கலைய எல்லாம் சேர்த்து ஒரு ஒழுங்கோட வளர்த்தார், 2006ல எய்ட்ஸ்னால போயிட்டார், நாப்பத்தஞ்சே வயசு. இப்ப உங்க பொண்ணு ஆடுறது வோக் ஃபெம்ங்கிற, பெண்மைய எடுத்துக்காட்டுற வோகிங் வகை போல, மல்லாக்க விழுறதுக்கு டிப்னு பேரு, கை, கேட்வாக், வாத்து நடை, சுத்தி விழுறது, தரை ஆட்டம்னு அஞ்சு அங்கம். ஒண்ணு மட்டும், டிப்ப வாத்தியார் இல்லாம சிமெண்ட் தரையில போட வேணாம்னு சொல்லுங்க, முட்டியும் முதுகும் போயிரும்.

கேள்வி: இதெல்லாம் இங்க ஆடுனா போலீஸ் கேஸ் ஆகுமா?
– செங்காங் வாசகர்

பதில்: ஆட்டத்துக்கு எதுக்குய்யா கேஸ்? நீங்க மனசுல வச்சுக் கேக்குறது ஆணும் ஆணும் உறவு வச்சுக்கிறது குற்றம்னு சிங்கப்பூர்ச் சட்டத்துல இருந்த 377ஏ பிரிவுன்னா, 2022 நவம்பர்ல நாடாளுமன்றம் அத நீக்க முடிவு பண்ணி 2023 ஜனவரி 3லேர்ந்து அது இல்ல.

கேள்வி: அக்கா, நம்ம திருநங்கைகளோட ஜமாத்தும் இந்த ஹவுஸும் ஒண்ணுதானா?
– அங் மோ கியோ, 22 வயசு

பதில்: ஒண்ணு இல்லப்பா, ஒண்ணப் பாத்து ஒண்ணு வந்ததும் இல்ல. ஜமாத்து திருநங்கைகளுக்கானது, குருவே அம்மா, சேலா மகள், அம்மாவோட அம்மா நானி, அதுக்குன்னு சடங்கு முறையெல்லாம் உண்டு. ஹவுஸ்ல ஆண்களும் இருப்பாங்க, போட்டிக்குன்னே சேர்றவங்களும் இருப்பாங்க. ஆனா பெத்த வீடு கதவச் சாத்துனப்ப ரெண்டு ஊர்லயும் மொதல்ல உண்டானது அம்மாங்கிற உறவுதான். இங்கயும் 2014ல ஜூன் சுவாங்கிற திருநங்கை, டி புராஜெக்ட்னு ஆரம்பிச்சு போக்கிடம் இல்லாத திருநங்கைகளுக்குத் தங்க எடம் குடுத்தாங்க. உன் கடுதாசில கடைசி வரிய நான் இங்க போடல. உனக்கே தங்க எடம் வேணும்னா பத்திரிகை ஆபீஸுக்கு மறுபடி எழுது, பேரு போட மாட்டோம், நானே பதில் எழுதுறேன்.