ஹட்டனில் ஒரு வாரம், சைவமாக

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் அடுத்த மாதம் இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனில் ஒரு வாரம் தங்கப்போகிறோம். அறையோடு சின்னதாகச் சமையலறையும் உண்டு. நாங்கள் சைவம். அரிசி, பருப்பு, பொடி எல்லாம் கட்டி எடுத்துப்போகச் சொல்கிறார் மாமியார். தேவையா? கடைச் சாப்பாடு ஒத்துவருமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

அரிசி, பருப்பைச் சுமந்து வர வேண்டாம். ஹட்டன் கடைத்தெருவில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மாமியார் திருப்திக்குச் சாம்பார்ப் பொடியும், காபி இல்லாமல் விடியாது என்றால் ஃபில்டர் காபிப் பொடியும் போதும். இங்கே பெரும்பாலும் தேநீர்தான், அதுவும் பால்மா, அதாவது பால் பொடி, கலக்கியது.

வெறுமனே பருப்பு என்று கேட்டால் மைசூர்ப் பருப்பைத்தான் நிறுத்துத் தருவார்கள். உங்களுக்கு அதுதான் வசதி. குக்கர் இல்லாமலே சீக்கிரம் வெந்துவிடும். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குங்கள். அதோடு ஒரு ராத்தல் பாண், அதாவது 450 கிராம் பிரெட், வாங்கினால் இருவருக்கும் இரவுச் சாப்பாடு முடிந்தது.

கடையில் சாப்பிடும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது மாசி. கட்டச் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் அது இல்லாமல் இருக்காது. தேங்காய்ச் சம்பலிலும் பலர் போடுவார்கள். இடித்துப் போட்ட மாலைதீவுக் கருவாடு அது, மிளகாய்ச் சிவப்பில் கண்ணுக்கே தெரியாது. “மாசி போட்டதா அண்ணே?” என்று கேட்டுவிட்டே கை வையுங்கள்.

தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் ரோல்ஸ், வடை, முக்கோண ரொட்டி அடுக்கிய தட்டு கேட்காமலே மேசைக்கு வரும். எடுத்ததற்கு மட்டும் காசு. ரொட்டிக்குள் மீனா உருளைக்கிழங்கா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, அதையும் கேளுங்கள். எனக்கு அந்தத் தட்டே பிடிக்காது. எத்தனை மேசை சுற்றி வந்ததோ! சூடாகப் போட்டதைக் கேட்டு வாங்குவதுதான் வயிற்றுக்கும் நல்லது.

நுவரெலியாப் பக்கம் விளைகிறதே, மரக்கறி மலிவாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். அது தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறி ஏறுகிறது. விலையும் அந்தச் சந்தைகளைப் பொறுத்தே ஏறி இறங்கும். சரி, புதிதாகவாவது கிடைக்கும். லீக்ஸ் வாங்கினால் நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள், மடிப்புக்குள் மண் இருக்கும். அப்புறம், கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுப் பதறாதீர்கள்: உங்கள் ஒரு ரூபாய்க்கு இப்போதைக்கு இங்கே மூன்று ரூபாய்க்கு மேல்.