மூலக்கூறுகள் தாமே வரிசையில் நிற்குமா? வாசகர் கேள்விகள்

மின்னணுக் கருவிகளுக்காக ஒரு பரப்பின் மேல் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்தா அடுக்குகிறார்கள்?

பரப்பை ஊசியால் தடவிப் படம் எடுக்கும் நுண்ணோக்கியின் ஊசிமுனையால் அப்படி நகர்த்தலாம். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டரை நிரப்ப ஆயுசு போதாது. அடுக்கும் வேலையை மூலக்கூறுகளிடமே விட்டுவிடுவதுதான் வழி. டிரைமெசிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பென்சீன் வளையம் (ஆறு கார்பன் அணுக்களின் வளையம்), அதில் மூன்று அமிலக் கைகள். அதை நோனனாயிக் அமிலம் என்ற திரவத்தில் கரைத்து, புதிதாக உரித்த கிராஃபைட்டின் மேல் ஒரு சொட்டு விட்டால் போதும். கைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொண்டு தேன்கூடு போன்ற வலை உருவாகிவிடும். ஒவ்வொரு துளையும் சுமார் 1 நானோமீட்டர். இந்தப் பிணைப்பு பலவீனமாக இருப்பதே நமக்கு வசதி. தப்பாக ஒட்டியது கழன்று, சரியான இடம் கிடைக்கும்வரை மாறி மாறி உட்காரும்.

பலவீனமான வலையில் மின்சாரம் ஒழுங்காகப் பாயுமா?

சரியான சந்தேகம். அதற்குச் சகபிணைப்பு, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான பிணைப்பு, வேண்டும். பரப்பின் மேலேயே அதை உண்டாக்கலாம். 2010-இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தினரும் ஜெர்மனியின் மைன்ஸ் வேதியியலாளர்களும் புரோமின் பொருத்திய பைஆந்த்ரைல் என்ற வளைய மூலக்கூறுகளை வெற்றிடத்தில் தங்கத்தின் மேல் படியவைத்தார்கள். 200 டிகிரி செல்சியஸில் புரோமின் கழன்று மூலக்கூறுகள் சங்கிலியாயின. 400 டிகிரியில் ஹைட்ரஜன் வெளியேறி, சங்கிலி தட்டையான கிராஃபீன் (ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள்) நாடாவானது. அகலம் 7 கார்பன் அணுக்கள், எங்கும் ஒரே அளவு. அகன்ற கிராஃபீன் தாளில் இல்லாத ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் வரம்பு, இந்தக் குறுகிய நாடாவில் உண்டு. அதனால் இது குறைகடத்தி. கத்தரித்து எடுக்கும் எந்த முறையிலும் இந்தத் துல்லியம் வராது.

அடியில் எந்தப் பொருள் இருந்தாலும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்தத் துறையில் பாதி விஷயம் அடிப்பரப்பில்தான் இருக்கிறது. ஐந்து வளையங்கள் கொண்ட பென்டசீன், சுத்தமான தங்கத்தின் மேல் படுத்துக்கொள்ளும். சிலிக்கான் ஆக்சைடின் மேல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். மின்னூட்டம் பக்கத்து மூலக்கூறுக்குத் தட்டையான முகத்தின் வழியாகத்தான் எளிதாகத் தாவும். டிரான்சிஸ்டரில் அது பக்கவாட்டில் போகவேண்டும் என்பதால் நிற்பதே நல்லது. சூரிய மின்கலத்தில் மேலும் கீழுமாகப் போகவேண்டும். அங்கே படுத்திருப்பது உத்தமம்.

போனின் ஓ.எல்.இ.டி. திரையும் இப்படித்தானா?

இல்லை. அதில் ஒளிரும் கரிமப் (கார்பன் சேர்மப்) படலங்கள் பெரும்பாலும் ஒழுங்கற்ற கண்ணாடி நிலையில் இருப்பவை.

கிராஃபீன் நாடாக்களை அப்படியே கருவியில் வைக்கலாமா?

தங்கத்தோடு வைத்தால் மின்சாரம் தங்கத்தின் வழியாகவே போய்விடும். அப்ரகத்தின் (மைக்கா) மேல் மெல்லிய தங்கப் படலத்தில் நாடாவை வளர்த்து, தங்கத்தை அரித்து நீக்கி, மின்காப்புப் பரப்புக்கு மாற்றுகிறார்கள். நாடா கிழியாமல், அழுக்கு ஒட்டாமல் மாற்றுவதில்தான் இப்போது உண்மையான சிரமம்.